தெற்குச் சுவர் ஓரம்

தக்காளிச் செடியை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பழைய மர வீடாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. தோட்டம் போடப் போகிறேன் என்று வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நீங்கள் எழுத வேண்டாம், அம்மணி. பேனாவை இப்படிக் கொடுங்கள், நானே எழுதுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன், கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். சுகாதார அலுவலகத்தில் உங்களுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பைபர் அடுத்த வீட்டை வாங்கிக்கொண்டு மில்வாக்கிக்கு வந்தது போன வருடம் பனி உருகும் சமயத்தில். வந்ததும் இயற்கைத் தோட்டம் என்று ஆரம்பித்தாள். புத்தகம் அடுக்கடுக்காக வாங்கினாள். மண்புழுவைத் தபாலில் வரவழைத்தாள். எங்கள் தெருவில் மழை பெய்தால் நடைபாதை பூராவும் மண்புழுதான். அதை மிதித்துக்கொண்டுதான் தபாலில் வந்த மண்புழுப் பெட்டியை வாங்கப் போனாள். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நகைக்கடைக்காரன் மாதிரி பொடித்தாள். தக்காளி நாற்றுகளுக்கு ஆளுக்கொரு பெயர். பூசணிக் கொடியை 'அவள்' என்பாள், கத்தரிச் செடியை 'அவன்' என்பாள். பெற்ற மகளுக்கு ஃபெர்ன் என்று பெயர், அதாவது பெரணிச் செடி. செடிக்கு மனிதப் பெயர், மனிதருக்குச் செடிப் பெயர். படித்தவர்கள் வீட்டில் இப்படித்தான் போலிருக்கிறது.

நான் ஆரம்பத்திலேயே நல்லது சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"பைபர், பலகைப் பெட்டி அடிச்சுத் தர்றேன். மண்ணை வெளியில இருந்து லாரியில இறக்கிக்கங்க."

"கடை மண்ணு செத்த மண்ணு, ரே. இந்த மண்ணுக்கு உயிர் இருக்கு. மோந்து பாருங்க."

ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மோந்து பார்த்தேன். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போட்டவனே நான்தான்.

பெயின்டர் வேலைக்கு வந்து அந்த வீட்டின் பழைய பெயின்டைக் கட்டை தெரியும்வரை சுரண்டியவன் நான். அந்தக் காலத்து வெள்ளை பெயின்டில் ஈயம்தான் அதிகம். சுரண்டிய செதில்களை முறையாக அப்புறப்படுத்தச் செலவாகும் என்று அப்போதைய வீட்டுக்காரர் முனகினார். தெற்குச் சுவர் ஓரமாகப் பள்ளம் வெட்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். மேலே புல் விதைத்தேன். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய் என் மகன் டேனியைத் தூக்கிக்கொள்வேன். அப்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். என் தோளில் வாய் வைத்துத் தூங்குவான்.

இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். ஷூ கயிறு நான்தான் கட்டிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் 'மந்தம்' என்றார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நூலகத்து வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு, ஒருநாள் பெயின்ட் டப்பாவின் பக்கவாட்டில் இருந்த எச்சரிக்கையை நானாகவே படித்து முடித்தேன். பழைய பெயின்டைச் சுரண்டினால் வரும் ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று இருந்தது. படிப்பு கண்ணைத் திறக்கும் என்று டீச்சரம்மா சொல்வார்கள். திறந்தது.

பைபரின் வீட்டில் டேனிக்குக் கிடைத்த சிநேகம் ஃபெர்ன்தான். வேலி இடுக்கு வழியாக இவன் ஒரு கூழாங்கல் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுப்பாள். நாள் முழுக்க இதே வியாபாரம். ஒருநாள் பைபர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"டேனி, ஃபெர்ன் தூங்கப் போகணும்ப்பா."

காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை கைகால் உதைத்து அழுதது. பிறகு, வந்திருந்த சிநேகிதியிடம் அவள் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"பாவம், ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனா இவ இப்பதானே பேச்சுக் கத்துக்கறா? அது மாதிரி பேசப் பழகிட்டா என்ன பண்றது?"

அது மாதிரி. பூசணிக் கொடி அவள். என் மகன் அது.

நான் கோபப்படவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல டேனிக்கு வறுத்த மீன் வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவளே ஒரு சின்னப் பையோடு வந்தாள்.

"பழைய வீட்டு மண்ணைச் சோதிச்சுப் பாக்கணும்னு சொல்றாங்க ரே. நீங்க டவுனுக்குத்தானே வேலைக்குப் போறீங்க, அங்க சோதனைக்கூடத்துல இதைக் குடுத்துடறீங்களா? ஃபெர்னுக்காகத்தான்."

பாலத்தைத் தாண்டும்போது வண்டியை நிறுத்திப் பையை ஆற்றில் கொட்டினேன். அன்று வேலை பார்த்த வீட்டு வாசலில் புதிதாக இறக்கியிருந்த கடை மண்ணை அதில் நிரப்பிக் கொடுத்தேன். செத்த மண் பரீட்சையில் நன்றாகத் தேறியது. பைபர் சந்தோஷத்தில் சுக்கினி என்கிற காயைத் துருவிப் போட்டு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சாப்பிட்டேன்.

"தக்காளி எங்க வெச்சா நல்லா வரும், ரே?"

"தெற்குச் சுவர் ஓரமா வைங்க. சுவர் சூடு பிடிச்சு வெச்சிருக்கும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. சூடு பிடித்து வைக்கத்தான் செய்யும்.

கோடை முழுக்க ஃபெர்ன் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேரட்டைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துத் தின்பாள். விரலை மண்ணில் குத்தி வாயில் வைப்பாள். பைபர் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"தின்னட்டும் ரே. நாலு கிருமி உள்ள போனாத்தான் உடம்புல சக்தி வரும்."

நான் தலையாட்டினேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை தலையாட்டினேன். இயற்கை இயற்கை என்றாளே, ஈயம் மட்டும் தொழிற்சாலையிலா விளைகிறது? அதுவும் மண்ணில் தோண்டி எடுத்ததுதான்.

ஃபெர்ன் கற்ற வார்த்தைகளை ஒவ்வொன்றாக மறந்துவருகிறாள் என்கிறீர்கள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்கிறீர்கள். அதற்காக வெள்ளைக் காரில் மூன்று பேர் வந்தீர்கள், முகமூடி போட்டுக்கொண்டு மண்ணை அள்ளினீர்கள். நல்ல அக்கறை. என் டேனிக்கு ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

புதைத்தது நான். பையை மாற்றியது நான். இடம் காட்டியது நான். தெரிந்துதான் செய்தேன். குழந்தைமேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, அதையும் அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

இன்று காலை நீங்கள் வருவதற்கு முன்னால் டேனி கை நிறையக் கூழாங்கல்லோடு வேலியோரம் நின்றிருந்தான்.

"ஃபெர்ன் எப்ப வரும்ப்பா?"

குனிந்து அவன் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"வரும்டா. இனிமே அவங்கம்மா தடுக்க மாட்டாங்க. இனிமே அதுவும் உன்னை மாதிரிதான்."