சோதனைக்கு முன்னாடி ஒரு போன்

இல்ல மேடம், மறுபடியும் போன்ல சொல்லச் சொல்லாதீங்க. போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுத்தான் நேர்ல வந்திருக்கேன். அந்த முனை ஓட்டல்ல கெட்டுப்போன கோழிய வறுத்துக் குடுக்கறாங்கன்னு மூணு தடவை சொன்னது நான்தான். ஆமா, பேரு சொல்லல. பேரு சொன்னாத்தான் கோழி நாறுமா?

உங்க உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து ஆள் வராம இல்ல. வந்தாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி இங்கேருந்து ஒரு போன் போயிடுதே! யாரு பண்றாங்கன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க புதுசா வந்தவங்க, உங்கள நான் சொல்லல. போன் வந்ததும் அங்க நடக்கற கூத்தப் பாக்கணுமே. ஃப்ரீசர்ல கெடக்கற பழைய கோழியெல்லாம் மூட்டை கட்டி வேன்ல ஏத்திருவாங்க. தரையக் கழுவி, ஆளாளுக்குத் தலையில தொப்பி, கையில உறை. மத்த நாள்ல அந்தத் தொப்பிய ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. உங்க ஆளுங்க வந்து, அன்னிக்கு வாங்குன கோழியில ஒரு துண்டு எடுத்து, சீல் வச்சு அனுப்புவாங்க. நல்லாத்தான் இருக்குன்னு ரிப்போர்ட் வரும். வராம என்ன செய்யும்? இதுல சுத்தமான ஓட்டல்னு சான்றிதழ் வேற! கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல மாட்டியிருக்காங்க. பாக்கறப்பல்லாம் பத்திக்கிட்டு வருது எனக்கு.

சட்டம் இருக்கு, சட்டம் இருக்குன்னா? அபராதம், ஜெயிலு, எல்லாம் உங்க சுவத்துலயே ஒட்டியிருக்கு, படிச்சேன். எதிர்த்த ஹாஸ்டல் பிள்ளைங்க அந்தக் கோழியத் தின்னுட்டுக் கொத்தா வாந்தியெடுத்து விழுந்தாங்களே, அன்னிக்கு எங்க போச்சு சட்டம்? ஹாஸ்டல் தண்ணியில கோளாறுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஒரு பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியில கெடக்குது, கிட்னி வேலை செய்யலியாம். பாக்கப் போனேன். அவங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீங்க யாரும்மான்னு கேட்டாங்க. பக்கத்து வார்டுன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

அதுக்கப்புறமாவது மிச்சத்தக் கொட்டுவாங்கன்னுதானே நினைப்பீங்க? அதான் இல்ல. மிளகாய்த்தூள இன்னும் ரெண்டு கை சேத்துப் போட்டு வறுக்கறாங்க. காரத்துல நாத்தம் அமுங்கிடும்ல.

வேன் எங்க போகுதா? பின்தெருவுல பச்சை கேட் போட்ட வீட்டுக்கு. கொல்லைப்பக்கம் பெரிய ஃப்ரீசர் ஒண்ணு இதுக்குன்னே வாங்கிப் போட்டிருக்காங்க. உங்க ஆளுங்க கெளம்புனதும் எல்லாம் கடைக்குத் திரும்பிடும். இப்பக்கூட அங்கதான் இருக்கு. மத்தியானம் நீங்க சோதனைக்குப் போறீங்களாமே? பாத்தீங்களா! உங்களுக்கே இப்பத்தான் ஆர்டர் வந்துச்சு, அவங்களுக்குக் காலையிலயே தெரியும்.

என்னது, வீட்டுக்குள்ள போக முடியாதா? லைசென்ஸ் ஓட்டலுக்குத்தானா? வீட்டுக்குப் போகணும்னா மேல கேட்டுத் தனியா உத்தரவு வாங்கணுமா? நல்லாருக்கு மேடம். நீங்க மேல கேட்டுட்டு இறங்கறதுக்குள்ள ஃப்ரீசரே காணாமப் போயிடும். கோழிக்கு ஒரு சட்டம், கதவுக்கு ஒரு சட்டம், நடுவுல அந்தப் பொண்ணு சாவணும். வயிறு எரியுது மேடம் எனக்கு.

சரி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுல உள்ளவங்களே வாங்கன்னு கதவத் தொறந்து விட்டா? அப்பப் போலாமா? உத்தரவெல்லாம் வேணாமா? நெசமாத்தான் சொல்றீங்களா?

அப்ப எழுந்திரிங்க. ஜீப்பெல்லாம் வேணாம், அது கெளம்புனா போன் போயிடும். நடந்தே போயிடலாம். சீல் வைக்கற சாமானெல்லாம் இந்தக் காய்கறிப் பையில போட்டுக்கங்க. ஓனர் இப்பக் கடையில தரையக் கழுவி வச்சுட்டு உங்களுக்காக உக்காந்திருப்பாரு, வீட்டுப் பக்கமே வரமாட்டாரு.

பூட்டா? சாவி எங்கிட்ட இருக்கு மேடம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாள்லேருந்து எங்கிட்டதான் இருக்கு. எம் புருஷன்தான் ஓனரு. வாங்க, போலாம்.