ஆடாத பல்செட்

நல்ல பல்செட் என்றால், போட்டிருப்பவருக்கே அது வாயில் இருப்பது மறந்துபோக வேண்டும். பேசும்போது டக் டக்கென்று சத்தம் வரக் கூடாது, சிரிக்கும்போது கீழே இறங்கக் கூடாது, தும்மினால் கையில் வந்து விழக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்த பிறகும், ஒவ்வொரு வாயும் எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. பல் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, செட் செய்து கொடுப்பேன். அளவெடுத்த தட்டைக் கழுவுவதும் நான்தான். அதில் ஒட்டிக்கொண்டு வருவதையெல்லாம் பார்த்தால் மனுஷ வாயைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இருக்காது. அதனால் சுத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வேறு விதத்தில் என்னைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பெரிய மனுஷனாக இருப்பது. டீக்கடையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் அவர்தான் காசு கொடுப்பார். யார் வீட்டில் என்ன செலவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று, "நான் இருக்கேன், கவலைப்படாதே" என்பார். தெருவே அவரை மெச்சும். இந்தத் தாராளத்துக்கெல்லாம் பணம் பெயின்ட் கடை முதலாளியிடமிருந்து வட்டிக்கு வந்தது. வட்டியை நான் கட்டினேன். பிறகு வட்டிக்கு வட்டியைக் கட்டினேன். அசல் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

அப்பாவின் பல்செட்டும் நான் செய்ததுதான். பல் போன ஈறு வருஷத்துக்கு வருஷம் சுருங்கும். செட்டை மாற்றிக்கொண்டே வர வேண்டும். அப்பாவின் செட் ஆட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் தெருமுனையில் பேசினால் அந்த டக் டக் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். "எனக்கு ஒண்ணு புதுசா பண்ணிக் குடுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதைக் கழற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் ஈறால் சவைப்பார். செட்டில் ஒட்டியிருந்ததை நடுநடுவே விரலால் வழித்து நக்கிக்கொள்வார். அந்த மேசையில் நான் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

முதலாளிக்காகக் கடனை வசூலிக்க வருகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பவ்யம். அவ்வளவு பணிவு. என் பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவான். வந்து மூலையில் உட்கார்ந்து கடலை கொறிப்பான், தொலியை என் மாவு டப்பாவுக்குள் துப்புவான். செய்து வைத்த செட்டை எடுத்துத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக் கண்ணாடியில் இளிப்பான். அவன் போன பிறகு எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் போட்டுக் கழுவுவேன். நாற்காலியைக் கூடக் கழுவியிருக்கிறேன்.

ஒருநாள் கடலையை மென்றுகொண்டே சொன்னான்: "தங்கச்சியைப் பார்த்தேண்ணே, மருந்துக் கடையில. நல்ல பல்லு அவங்களுக்கு. உங்க கைக்கு வேலை வைக்காம அப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிறேன்."

என் தங்கை ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வீட்டில் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். நான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தேன். அப்போது உங்கள் இடத்தில் வேறொருவர் இருந்தார். வாங்கின பணத்தைக் கொடுத்துவிட்டால் ஏன் இதெல்லாம் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். அந்த வாரமே பஸ் படிக்கட்டில் யாரோ பின்னாலிருந்து தள்ளி, தங்கையின் முன்பல் உடைந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பவ்யம் வந்து துக்கம் விசாரித்தான். "பஸ்ல ஒரே கூட்டம்ணே. பார்த்து இறங்கச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளை, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்றான்.

அவளுக்கு நான் ஒரு பல் செய்து கொடுத்தேன். பக்கத்துப் பல்லோடு நிறம் சேர வேண்டுமென்று பலமுறை செய்து அழித்துச் செய்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணா, எது உன்னோடதுன்னு எனக்கே தெரியலை" என்றாள். அடுத்த பல்லையும் செய்யும்படி ஆகக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். எல்லாமே அவளுக்காகத்தான். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

பெயின்ட் கடை முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. கடன் வாங்கியவன் செத்துப்போனால், பூ எடுத்துக்கொண்டு நேரே இழவு வீட்டுக்கு வருவார். எல்லோரும் பார்க்கப் பத்திரத்தை எடுத்துக் கிழித்து, செத்தவன் காலடியில் போடுவார். "செத்தவன்கிட்ட நான் கேட்டதில்ல" என்பார். கூட்டம் நெகிழ்ந்துபோகும். மறு வாரம் அந்தத் தெருவிலிருந்து நாலு பேர் அவரிடம் கடன் வாங்கப் போவார்கள். போர்டு வைப்பதை விட மலிவான விளம்பரம். எனக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்: "நீங்க செத்தா கடன் தீர்ந்துடும்."

அவர் சவைப்பதை நிறுத்தினார். சாகப்போவது அவராக இருக்க வேண்டியதில்லை, அவருடைய உடம்பு என்று ஒன்று கிடைத்தால் போதும், அவர் வேறு ஊரில் வேறு பெயரில் இருந்துகொள்ளலாம் என்று விளக்கினேன். மறுபடி சவைக்க ஆரம்பித்தார். "ஆளு யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லாத. மனசு தாங்காது" என்றார்.

ஆளை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். பட்டறைக்கு எதிரே லாரி ஷெட்டில் படுத்திருந்த மூட்டைக்காரர். வாழ்நாளெல்லாம் ஊர் மூட்டையைச் சுமந்தவர், கடைசியில் தன் மூட்டை ஒன்றோடு அங்கே ஒதுங்கிவிட்டார். அப்பாவின் வயது, அப்பாவின் உயரம், வாயில் ஒரு பல்கூட இல்லை. சொந்தம் யாராவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு மகள் இருப்பதாக நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பொய் அவர் சொன்னது.

அப்பாவின் பல்செட்டையே அவர் வாயில் வைத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா தர மாட்டேன் என்றுவிட்டார். "அதைக் குடுத்துட்டு நான் எதை வச்சுடா வெளிய போறது? நாலு பேருகிட்டப் பேச வேணாமா?" என்றார். சாகப்போகிறவருக்குப் போட அப்பாவின் சட்டை ஒன்று கேட்டேன். எடுத்துக் கொடுத்த பிறகும் மனசு ஆறவில்லை. "அது புதுசுடா. பழசு எதுவும் ஆகாதா?" என்றார். எனக்கு வாந்தி வந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே இன்னொரு செட் செய்ய வேண்டியதாயிற்று. அதே அளவுப் பல், அதே நிறம், அப்பா முன்பு கீழே போட்டு உடைத்த மூலையில் நான் ஒட்டுப்போட்ட தடம், உள்பக்கம் நான் எல்லாச் செட்டிலும் போடுகிற அடையாளம், எல்லாம் அச்சாக வர வேண்டும். அளவெடுக்க வேண்டுமென்று மூட்டைக்காரரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்? காசுக்கு எங்க போவேன்?"

"காசு வேண்டாம், பெரியவரே. வாயைத் திறங்க."

"இருங்க தம்பி" என்று எழுந்து போனார். குழாயடியில் நின்று வெகுநேரம் கொப்பளித்தார். "வாய் நாறும். நீங்க முகத்தைக் கிட்ட வச்சுப் பார்க்கணுமே" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை நினைத்து வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அருவருப்பே இல்லாமல் அளவெடுத்தேன்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். தவறு என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்பாவின் வாய் அச்சு பட்டறை அலமாரியில் இருந்தது. அதன்மேல் செய்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அது அந்தப் பெரியவர் வாயில் ஆடும், ஈறைக் கிழிக்கும். தெரிந்தே ஒருவருக்குச் சேராத செட்டைச் செய்து கொடுக்க என் கை வரவில்லை. அந்த மெழுகை உருக்கிவிட்டு, பெரியவரின் அச்சிலேயே செய்தேன். நான் செய்ததிலேயே சிறந்த செட் அதுதான்.

போட்டுக்கொண்டதும் கடலை வாங்கி வந்தார். ஷெட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கடித்து, கடிபடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுநாள் வந்து, "இந்த ஓரம் கொஞ்சம் உறுத்துது தம்பி. சொல்லலாமான்னு யோசிச்சேன்" என்றார். அரத்தால் லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன். ஒரு நிமிட வேலை. கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க" என்றார். ஒரு பிடி கடலையை என் கையில் வைத்து மூடினார். அதை நான் சாப்பிட்டேன். கையைக் கழுவக்கூட இல்லை.

அடுத்த வாரம், மத்தியான வெயிலில், அவரைப் பழைய கல்குவாரிக் குட்டைக்குக் கூட்டிப் போனேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் வர மாட்டார்கள். நன்றாகக் குளித்துவிட்டுப் புதுச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஓர் இடத்தில் காவல் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். நீச்சல் தெரியாது என்பதை முன்பே கேட்டு வைத்திருந்தேன். குளித்தார், சட்டையைப் போட்டுக்கொண்டார், பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். பிறகு கரையிலிருந்து தள்ளினேன். மேலே வந்தார். தலையைப் பிடித்து அமுக்கினேன். எதிர்பார்த்ததை விட அதிக நேரம் ஆயிற்று. வாயை மூடியேதான் இருந்தார். செட் விழுந்துவிடுமென்று பயந்திருப்பார் என்று நினைக்கிறேன். பயந்திருக்க வேண்டியதில்லை, அது விழாது.

சில நாள் கழித்து மிதந்து கிடைத்தபோது, மீன் தின்று முகம் இல்லை. சட்டையும் பல்லும் இருந்தன. கீழ்ச்செட் தண்ணீரோடு போய்விட்டது. மேல்செட் அப்படியே இருந்தது. பிணவறை ஊழியர் அதை எடுக்கச் சிரமப்பட்டதாகச் சொன்னார். அப்பாதான் என்று நான் கையெழுத்துப் போட்டேன். தங்கையிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவள் அழுதாக வேண்டும், அவளுக்கு நடிக்க வராது. நன்றாக அழுதாள். முதலாளி பூவோடு வந்து பத்திரத்தைக் கிழித்தார். பவ்யம் பாடைக்குத் தோள் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் தொட்ட இடத்தையெல்லாம் பிறகு கழுவினேன்.

கேஸை மூட, பல் அப்பாவுடையதுதான் என்று ஒரு கையெழுத்து வேண்டுமென்று நீங்கள் அந்தச் செட்டை டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனீர்கள். அவரிடமும் அப்பாவின் அச்சு ஒன்று இருந்ததை நான் யோசிக்கவில்லை. அதில் வைத்ததும் செட் ஆடியது. அவரே ஆளைவிட்டுப் பிணவறையில் விசாரித்தாராம். பிறகு உங்களிடம் சொன்னாராம்: "அவங்கப்பா செட் வாயில நிக்கவே நிக்காது. இது கழட்ட முடியாம இருந்திருக்கு. இது வேற யாருக்கோ அளவெடுத்துச் செஞ்சது சார்." நீங்கள் என் பட்டறைக்கு வந்து, அலமாரியிலிருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தீர்கள். மூட்டைக்காரரின் அச்சில் அது டக்கென்று உட்கார்ந்தது. அதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்றீர்கள். செட் செய்த பிறகு அச்சை எறியும் பழக்கம் எனக்கு இல்லை. எப்போதாவது ஒட்டுப்போட வேண்டி வரும்.

அப்பாவையும் பிடித்துவிட்டீர்கள். நான் அனுப்பி வைத்த ஊரில் லாட்ஜ்காரரிடம் அதற்குள் கடன் வாங்கி, நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மகன் செய்தது என்று சொன்னாராம். அந்த டக் டக் சத்தத்தோடுதான் சொல்லியிருப்பார்.

இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வையும் எனக்குப் பழக்கமானதுதான். அளவுத் தட்டைக் கழுவும்போது எதிர்க் கண்ணாடியில் என் முகம் அப்படித்தான் இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மேல்செட்டை உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காய்ந்தால் வளைந்துவிடும்.

இன்று காலை தங்கை வந்தாள். கைக்குட்டையை விரித்து, நான் செய்து கொடுத்த பல்லை உங்கள் மேசைமேல் வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான், எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். எங்கேயோ ஓர் ஓரம் உறுத்துகிறது போலிருக்கிறது. அரத்தைக் கொடுத்தீர்களானால் தேய்த்துக் கொடுத்துவிடுவேன், ஒரு நிமிட வேலை.