தாமதமாக ஊதிய சங்கு

இன்ஸ்பெக்டர் ஐயா, டீ நன்றாக இருந்தது. பச்சைமுத்து செத்ததற்கு என் மெஷினின் கோளாறும் ஒரு காரணம் என்று உங்கள் ரைட்டர் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். ஏரிக்கரை நீர்மட்ட நிலையத்தில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் நான், திருவேங்கடம். என் கைக்கு வந்த நாளிலிருந்து அது கெட்டதே இல்லை.

மாலையில் நிலையத்துச் சங்கை ஊத வைப்பதும் அந்த மெஷின்தான். நிலையத்து ஆட்களுக்காக வைத்த சங்கு அது. எங்கள் கோட்டைக்குப்பத்தில் பாடு மாறுவதற்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மீன் நிறையப் படும் இடங்களில் இன்றைக்கு யார் முறை, நாளைக்கு யார் முறை என்று ஊரே பங்கு பிரித்து வைத்திருக்கிறதே, அதுதான் பாடு. முன்பு ஆளுக்கொரு வாட்ச், ஆளுக்கொரு நேரம், எந்நேரமும் அடிதடி. சங்கு வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. சங்கு ஊதுவதற்கு முன் வலை இறக்கினால் அடுத்தவன் முறையைத் திருடியதாக அர்த்தம்.

என் நைனாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் செத்தபோது நான் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தேன். பாடு கல்யாணம் ஆனவனுக்குத்தான் என்பது ஊர் வழக்கம். ஆகவே அந்தப் பங்கை என் தங்கை தெய்வநாயகியின் புருஷன் பச்சைமுத்துவுக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சைமுத்து கெட்டவன் இல்லை. வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை இறால் கொண்டுவருவான். “இன்னா மச்சான், நீ பொட்டியத் தட்டிக்கினே இரு. உன் பங்கையும் நான் பாத்துக்கறேன்”னு சிரிப்பான். என் நைனா வலையில் விழ வேண்டிய இறாலை எனக்கே பிச்சை போடுகிறான். அந்தக் கூடையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

மெஷின் நேரம் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். அதற்குள் ஒரு படிகம் ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பை ‘எண்ணி’ என்கிற ஒரு பாகம் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். குறித்த எண்ணிக்கை முடிந்ததும் கெர்னல் என்கிற தலைமை நிரலின் கதவை ஒரு தட்டுத் தட்டும். கெர்னல் தன் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். மணி என்னவென்று அதற்குத் தெரியாது, வாங்கிய தட்டுகள்தான் தெரியும். நடுவில் விட முடியாத வேலை இருந்தால் கெர்னல் கதவைத் தாழிட்டுக்கொள்ளும். அப்போது வரும் ஒரு தட்டு வாசலில் காத்திருக்கும். அதற்குப் பின் வருகிற தட்டுகள் கணக்கில் சேராது.

நான் கடிகாரத்தைத் தொடவே இல்லை, ஐயா. டேப்பில் எழுதும் வேலையை, பச்சைமுத்து செத்த அன்று மதியம் முழுக்க, விட்டு விட்டுத் தாழிட்ட கதவுக்குள் ஓடவிட்டேன். எண்ணி தட்டிக்கொண்டுதான் இருந்தது. கெர்னல் பல தட்டுகளுக்குத் திறக்கவில்லை. சங்கு கால் மணி நேரம் பிந்தி ஊதியது. மறுநாள் காலை, ரேடியோவில் வரும் நேர ஒலிக்கு வழக்கம்போல் சரிசெய்துவிட்டேன்.

பாடு இருக்கும் முகத்துவாரத்தில் காற்று எதிர்த்து அடித்தால் சங்கு கேட்காது. அதனால் பச்சைமுத்து வாட்ச்சைப் பார்த்துத்தான் வலை இறக்குவான். அது எனக்குத் தெரியும். அந்த வாரம் ஏற்கெனவே ஒருவன் முறை திருடி, ஊர் கொதித்துக்கிடந்தது. அதனால்தான் அந்த வாரம்.

முந்திய முறைக்காரர்கள் கரையில் மீனை இறக்கிவிட்டு, கடைசியாக ஒரு வலை போடத் திரும்பிப் போனார்கள். பாதி வழியில்தான் சங்கு ஊதியது. போய்ப் பார்த்தால் பச்சைமுத்துவின் வலை அதற்குள் இறாலோடு கிடக்கிறது. கையைக் கட்டி நிலையத்து வாசலுக்கே இழுத்துவந்தார்கள்.

ஊர்ப் பெரியவர் துளசிங்கம் நியாயஸ்தர். “தம்பி, உங்க சங்கு சரியாத்தான் ஊதுச்சா? நீ ஒரு வார்த்தை சொல்லு, இவன வுட்டுடறோம்”னார்.

என்னைப் பார்த்ததும் பச்சைமுத்துவுக்கு உயிர் வந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தான். “என் மச்சான்தான்யா அதுக்கு மாஸ்டரு. சொல்லு மச்சான், என் வாட்ச்சு கரீட்டாத்தானே கீது?”

உள்ளே போனேன். மெஷினை நிதானமாகப் பார்த்தேன். வெளியே வந்து, “மெஷின் காட்டற நேரத்துக்குத்தான் சங்கு ஊதிச்சு”ன்னு சொன்னேன். இதில் ஒரு எழுத்து பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

துளசிங்கம் தலை குனிந்துகொண்டார். துடுப்புகளால் அடித்தார்கள். மச்சான், மச்சான் என்று அவன் என்னைத்தான் கூப்பிட்டான். நான் உள்ளே போய்விட்டேன். படகிலிருந்து தவறி விழுந்து செத்தான் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. தெய்வநாயகிதான் அவன் வாட்ச்சை ரேடியோவோடு ஒத்துப்பார்த்து, உங்களிடம் கொண்டுவந்து நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத்தானே கோளாறு என்று எழுதினீர்கள். கோளாறு இல்லை. நான் செய்தேன். எதைச் சொன்னேனோ அதைத்தான் மெஷின் செய்தது.

தங்கை என் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகத்தான் அந்தப் பங்கை என் பேருக்கு மாற்றும்படி துளசிங்கத்திடம் கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆனவனுக்குத்தான் கொடுப்பார்களாம். வைகாசியில் எனக்கு நாள் குறித்திருக்கிறார்கள், ஐயா, அதற்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள் இல்லையா?