தீக்குச்சி இல்லாத இன்ஜின்

ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. காலையில்தான் டீசல் ஃபில்டர் மாற்றினார்களாம். டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நெசவுக்காரி, மடியில் கல்யாணப் பட்டுப்புடவை. இன்னொருத்தியின் காலில் வயல் சேறு.

“ப்ளக்கு போயிருக்குமோ? எங்க மொபெட்டுல அதான் போவும்” என்றாள் நெசவுக்காரி.

“டீசல் இன்ஜினுக்கு ப்ளக்கே கெடையாதுங்க. காத்துதான் தீக்குச்சி” என்றாள் சேற்றுக்காலுக்காரி.

“காத்தா?”

“சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு அடியில சுடுதில்ல? இதுல இன்னும் பல மடங்கு அமுக்குது. அந்தச் சூட்டுல டீசலப் பீச்சினா தானா பத்திக்கும்.”

“யம்மா! அப்ப இப்ப ஏன் பத்தல?”

“ஃபில்டர் மாத்தறப்ப அதே காத்து டீசல் பைப்புல பூந்துகினா, டீசலப் பீச்ச வுடாது.” எழுந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணா, காத்து வெளிய வுடற ஸ்குரூவ முடுக்காதீங்க. டீசல்ல இன்னும் நுரை வருது பாருங்க.”

டிரைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நுரை நிற்கும்வரை டீசல் ஏற்றும் கைப்பம்பை அழுத்தினார். ஸ்குரூவை முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் பஸ் உறுமியது.

“எந்த ஒர்க் ஷாப்புல இருக்கீங்க?” என்றாள் நெசவுக்காரி.

“ஒர்க் ஷாப்பா? மூணு ஏக்கர் நெல்லுங்க. கரண்டு இல்லன்னா டீசல் இன்ஜின்லதான் தண்ணி எறைக்கணும். மெக்கானிக்கு வர்றதுக்குள்ள பயிரு காஞ்சிடும்.”

டிரைவர் கியரைப் போட்டார். “யக்கா, ஸ்டாப்பெல்லாம் வேணாம். உங்க நெலம் எங்கன்னு சொல்லுங்க, அங்கயே நிறுத்தறேன்.”