பலகைச் சுவரைக் காட்டிக்கொடுத்தது யார்?

— டீயெல்லாம் ஒண்ணும் வேண்டாம் பெரில். முதல்ல இந்தக் கடுதாசியைப் படி. சத்தமாப் படி.

— இரு, கண்ணாடியை எங்க வெச்சேன்... ம். "தங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. முன் அனுமதியின்றி எந்தப் பகுதியையும் இடிப்பதோ மாற்றுவதோ குற்றமாகும்." அடடா.

— அடடாவா? அவ்வளவுதானா? ஐந்நூறு வருஷமா சும்மா கெடந்த வீடுடி அது! உள்ள கோழி அடைச்சிருக்கோம், ஆப்பிள் சைடர் பீப்பாய் உருட்டியிருக்கோம், ஏன்னு ஒரு நாய் கேக்கல. வர்ற திங்கக்கிழமை கொத்தனார் வந்து கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவுல இருக்கற சுவரை எடுக்கறதா இருந்தான். இப்பப் பாத்து பட்டியலாம்!

— அதாவது ஏவிஸ், பட்டியல்ல சேத்தா எல்லாமே போச்சுன்னு அர்த்தமில்ல. அனுமதி கேட்டு மனு போடலாம். சில மாத்தங்களுக்கு ஒத்துக்குவாங்க.

— கேட்டாச்சு. கவுன்சில் பொண்ணு போன்லயே சொல்லிட்டா. சமையலறையை மாத்திக்கோ, குளியலறை கட்டிக்கோ, அந்தச் சுவர்ல மட்டும் ஒரு ஆணி கூட அடிக்காதேன்னு. அதுல இருக்கற வாசல் என் இடுப்புக்கே பத்தாது, சக்கர நாற்காலி எப்படிடி போகும்? ரோலண்ட் எங்க படுப்பார்? மாடியிலயா? பக்கவாதம் வந்த புருஷனை முதுகுல தூக்கிட்டு ஏறவா நான்? எழுபத்திநாலு வயசுல?

— கத்தாத. மூச்சு வாங்குது உனக்கு.

— வாங்கட்டும். எட்டு மாசமா அந்த முதியோர் இல்லத்துல கெடக்கார் மனுஷன். யாரோ ஊட்டி விடற கஞ்சியை முழுங்கிட்டு. இந்த மாசம் கூட்டிட்டு வந்துடலாம்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆமா, யார் வேணும்னாலும் யார் வீட்டை வேணும்னாலும் பட்டியல்ல சேருங்கன்னு எழுதிப் போடலாமாமே? வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாமே?

— சட்டம் அப்படித்தான்.

— நல்ல சட்டம், தீய வெக்க! நான் அந்த லண்டன்காரன் ஹார்கோர்ட்னுதான் நெனச்சேன். மாவு மில்லை வாங்கிப் போட்டுட்டு, ஊர்ல இருக்கற ஓட்டை ஒடசலையெல்லாம் போட்டோ புடிச்சுக்கிட்டுத் திரியறானே. நேத்து தபாலாபீஸ் கடையில வெச்சுக் கிழி கிழின்னு கிழிச்சிட்டேன். முட்டை டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முழிச்சுக்கிட்டு நின்னான்.

— ஐயோ, அவர் இல்லடி!

— உனக்கு எப்படித் தெரியும்?

— இல்ல... அந்த மாதிரி ஆள் மாதிரித் தெரியலன்னேன்.

— ஆமா, அவன் இல்லதான். வீட்டுக்குப் போய் ரெண்டாம் பக்கத்தைப் படிச்சப்பதான் புரிஞ்சுது. அடிக்கோடு போட்டிருக்கேன் பாரு. படி.

— "கூடத்தை ஒட்டிய தடுப்புச் சுவர், பிற்காலத்து அட்டைக்கும் சுவர்க்காகிதத்துக்கும் அடியில், பதினாறாம் நூற்றாண்டு ஓக் மரப் பலகைகளால்..."

— நிறுத்து. அடியில. கேட்டியா? அடியில. ரோலண்டோட அப்பா மூடி ஒட்டின சுவர் அது. எனக்கே கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் கழிச்சு, குழாய் வெடிச்சு ஒரு மூலை பிஞ்சு தொங்கினப்பதான் உள்ள பலகை இருக்கறது தெரியும். அன்னிக்கே திரும்ப ஒட்டிட்டோம். அப்ப அந்தக் கூடத்துல யார் யார் இருந்தோம்? விரல் விட்டு எண்ணு.

— ஏவிஸ்...

— நான் எண்ணறேன். நான் ஒண்ணு. ரோலண்ட் ரெண்டு. வாளியும் துணியுமா ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெரில் மூணு.

— முதல்ல உக்காரேன்.

— ஏப்ரல்ல பழைய கட்டடம் பாக்கற அதிகாரி ஒருத்தன் வந்தப்ப, ஊர்ல எல்லா வீட்டையும் பாக்கறாங்க போலன்னு கதவைத் தொறந்து விட்டேன். முட்டாள், கேக் வேற வெட்டிக் குடுத்தேன். தின்னு முடிச்சிட்டு நேராப் போய் அந்த மூலையைத்தான் தட்டினான்! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நீதானே?

— நான்தான் எழுதினேன்.

— சொல்லிட்டியா. உன் வாசல் வரைக்கும் வந்து, தட்டாமத் திரும்பிப் போயிடலாமான்னு நின்னேன்டி. நீ இல்லன்னு சொல்லியிருந்தா நம்பித் தொலைச்சிருப்பேன்.

— உன்கிட்டப் பொய் சொல்ல வரல எனக்கு.

— செய்யறதுக்கு மட்டும் வந்துச்சா? உன் வரலாற்றுச் சங்கத்துக்கு இன்னொரு சின்னப் புத்தகம் போடணும், அதுக்கு என் புருஷன் வெளியில கெடக்கணும், அப்படித்தானே? உன் புருஷன் ஹரால்டு போய்ச் சேந்தப்ப பதினோரு நாள் என் வீட்டை விட்டுட்டு உன் வீட்டுல வந்து படுத்தேன். நீ சாப்பிடலன்னு நானும் சாப்பிடல. துரோகிடி நீ. இதுக்கு மேல எனக்கு வார்த்தை கெடைக்கல.

— சங்கத்துக்காக இல்ல. உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பலகை நாளைக்கே அடுப்புல எரிஞ்சாலும் எனக்கு ஒண்ணுதான்.

— அப்ப எதுக்கு?

— வீட்டுக்கு வர்றீங்களான்னு ரோலண்டை ஒரு தடவையாவது கேட்டியா நீ?

— அதை வேற கேக்கணுமா? பிப்ரவரியிலேயே வரைபடத்தைக் கொண்டு போய்க் காட்டினேன். தலையை ஆட்டினார். கட்டில் வாங்கியாச்சு, திரைச்சீலை தெச்சாச்சு. அம்பத்தொரு வருஷத்துல நான் சொன்ன எதுக்காவது மாட்டேன்னிருக்காரா மனுஷன்?

— அதான் ஏவிஸ்.

— என்ன அதான்?

— செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவரைப் பாக்க நான் போறேன்ல.

— போற. எனக்கு அன்னிக்கு சர்ச் பெருக்கற முறை, அதனால நான்தான் அனுப்பறேன். அதுக்கென்ன இப்ப?

— மார்ச்ல அவரேதான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். அந்தப் பலகையை எனக்கு ஞாபகப்படுத்தினதே அவர்தான். எழுதினது நான், கையெழுத்து அவரோடது. இடது கையால போட்டார். ரெண்டு தாள் வீணாப் போச்சு, மூணாவதுலதான் வந்துச்சு.

— பொய். பொய் சொல்ற.

— ஹரால்டு மேல ஆணையாச் சொல்றேன்.

— அவர் எதுக்குடி அப்படிச் செய்யணும்? அவர் பொறந்த வீடு அது!

— நானும் அதைத்தான் கேட்டேன். திக்கித் திக்கித்தான் பேசறார், ஆனா இதைத் திக்காமச் சொன்னார். "இங்க ஜன்னலைத் தொறக்கட்டுமா மூடட்டுமான்னு என்னைக் கேக்கறாங்க பெரில். நான் திரும்பிப் போக மாட்டேன். அவ மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்ல எனக்கு இந்த வயசுலயும் தைரியமில்ல. அந்தச் சுவர் சொல்லிடட்டும்"னார்.