ஒன்பது பற்களும் மூன்றாம் பாகமும்

முப்பத்தோராண்டுக் காலம் இந்த ஊரையே வாய் பிளக்க வைத்து, இன்றோடு ஓய்வு பெற்று விடைபெறவிருக்கும் விழாத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! அடங்காதவரையும் ஒரே பார்வையில் அடக்கிப் பெஞ்சில் உட்கார வைக்கும் ஆற்றலால், டோக்கன் அம்மா என்று அன்போடும் அச்சத்தோடும் எங்களால் அழைக்கப்படும் வரவேற்பு மேசை அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி, டாக்டரைப் பாராட்டுவதற்கு ஒரு சொல்லைக்கூட எனக்கு மிச்சம் வைக்காத மருந்துக்கடைக்காரர் அவர்களே! சொந்தப் பல்லோடு வந்திருக்கும் இளையோரே, கட்டிய பல்லோடு வந்திருக்கும் பெரியோரே! இவன் எப்போது முடிப்பான் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, நான் எழுதிய பேச்சில் பாதியை வீட்டிலேயே அடித்துவிட்டு, மீதியையாவது ஒழுங்காகப் பேசுகிறேனா என்று கவனித்துக்கொண்டிருக்கும் என் துணைவியாரே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையற்காரனின் தலை தாழ்ந்த வணக்கம்.

டாக்டரின் கைராசியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைத்தான் மருந்துக்கடைக்காரர் பேசித் தீர்த்துவிட்டாரே. நான் பேச வந்தது நாவல்களைப் பற்றி. என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு? பல் டாக்டர் விழாவில் நாவலா என்கிறீர்களா? ஆம், நாவல்தான்! ஒரு மர்ம நாவல், ஒரு பேய் நாவல், ஒரு சரித்திர நாவல். ஏனென்றால் ஆறு ஆண்டுகளாக நம் தலைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். "கதை எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறார். கேட்ட இடம் எது? கேட்ட நேரம் எது? சாய்வு நாற்காலியில் நான் மல்லாந்து கிடக்க, என் வாய்க்குள் அவருடைய இரண்டு கைகளும், ஒரு சிறு கண்ணாடியும், ஒரு குறடும், நான்கு பஞ்சுருண்டைகளும் குடியிருந்த நேரம்! எந்த நாட்டிலாவது ஒரு வாசகனிடம் இப்படி விமர்சனம் கேட்டதுண்டா? நான் "ஆ" என்பேன். "எனக்கும் அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது" என்று அவர் மனம் மகிழ்ந்து போவார். பெருமக்களே, எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை! அதைச் சொல்ல ஆறு ஆண்டுகளாக எனக்கு வாய் இருந்தும் வழி இல்லை. இன்று அவர் கைகள் இரண்டும் அவர் மடியில் இருக்கின்றன. மைக் என் முன்னால் இருக்கிறது. இனி என்னை யார் தடுப்பது?

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் பயத்தை மறக்க வேண்டும் என்பதற்காக, டாக்டர் தாம் வாங்கிச் சேர்த்த நாவல்களை வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். ஒரே ஒரு சட்டம்தான். டோக்கன் வாங்கியவர் மட்டும் படிக்கலாம், புத்தகம் அறையைத் தாண்டக் கூடாது. எனக்கு முதன்முதலில் உண்மையாகவே கடைவாய்ப் பல் வலித்துத்தான் போனேன். காத்திருந்த நேரத்தில் 'பதினேழாவது குடை' என்ற மர்ம நாவலை எடுத்தேன். தொண்ணூறாம் பக்கத்தில் பிணம் விழுந்தது, என் டோக்கன் எண்ணும் விழுந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டார், வலி போய்விட்டது. ஆனால் கொலைகாரன் யார்? கடைகளில் தேடினேன், அச்சில் இல்லை என்றார்கள். நூலகத்தில் தேடினேன், அப்படி ஒரு நூலே இல்லை என்றார்கள். டோக்கன் அம்மாவிடம் கெஞ்சினேன். "நோயாளிதான் உக்காரலாம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆகையால் நோயாளி ஆனேன். பல்லைச் சுத்தம் செய்யப் போனேன், அறுபது பக்கம். அடைக்கப் போனேன், ஐம்பது பக்கம். சுத்தம் செய்யவும் அடைக்கவும் இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்தபோது, பிடுங்குவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன் என்றார் அந்த உத்தமர். அதனால் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் கட்டைவிரலால் ஒரு பல்லை ஆட்டினேன். ஆட்டினேன், ஆட்டினேன், அது ஆடும்வரை ஆட்டினேன்! டாக்டர் அவர்களே, அதிர்ச்சி வேண்டாம். உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. ஒன்பது பற்களில் எட்டு, நானே வளர்த்த நோய்.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். 'பதினேழாவது குடை'யில் விருந்தாளிகள் பதினாறு பேர், குடைகள் பதினேழு. நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் துப்பறிபவர் என்ன செய்கிறார்? பன்னிரண்டு அத்தியாயம் தேநீர் குடிக்கிறார். செத்தவர் கைக்குள் ஒரு கோட்டுப் பொத்தான் சிக்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொலையாளி இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்கிறார். நான் கேட்கிறேன், சாகப்போகிற ஒரு கிழவர் இழுத்த இழுப்பிலேயே பொத்தான் கையோடு வருகிறது என்றால், அதைத் தைத்தவன் எப்படித் தைத்திருப்பான்? நான்கு துளைக்கும் நூல் போட்டானா? அடியில் சுற்றி முடிச்சிட்டானா? இல்லவே இல்லை! அந்த நாவலில் கொலைகாரனை விடப் பெரிய குற்றவாளி ஒரு தையற்காரன். அவனை ஆசிரியர் கடைசிவரை விசாரிக்கவே இல்லை. இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் முன்பின் பார்த்திராத ஒரு ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டுவந்து, இவன்தான் கொன்றான் என்று கையைக் கழுவிக்கொண்டார். நான் அதுவரை சந்தேகப்பட்ட எட்டுப் பேரிடமும் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்த ஒரு தம்பிக்காகவா என் இரண்டு பற்கள் போயின?

அடுத்தது 'கிணற்றுக்குள் கைதட்டல்'. பேய் நாவல், மூன்று பற்கள். முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு பெண் பேய், வெள்ளை உடை தரையில் புரள வெளியே வருகிறது. அந்த உடையின் விளிம்பு கொஞ்சமாவது பிரிந்திருக்க வேண்டாமா? துணியில் பாசிக்கறையாவது ஏறியிருக்க வேண்டாமா? அப்படி ஒரு துணி எந்த ஆலையில் கிடைக்கிறது? ஆனாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நாவலைப் படித்தபோது நான் நடுங்கினேன். பேய் கைதட்டும் பக்கத்தைப் புரட்டுவேன், உள்ளறையில் துளைக்கும் மிஷின் ஊளையிடும். கதாநாயகி மெழுகுவத்தியோடு படி இறங்குவாள், உள்ளே யாரோ ஒருவர் அம்மா என்று அலறுவார். பாதி நாவலை ஆசிரியர் எழுதினார் என்றால், மீதியை நம் தலைவர் உள்ளே இருந்து எழுதினார்! கைதட்டாதீர்கள் தோழர்களே, எனக்கு இப்போதும் கைதட்டல் என்றால் ஆகாது.

இதையெல்லாம் நான் எனக்காக மட்டுமா படித்தேன்? இல்லை. என் துணைவியாரும் நானும் மணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள். முதல் பத்து ஆண்டுகளில் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தையல் மிஷின் ஒன்றுதான் பேசும். முதல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போன அன்று, குடைக் கதையை ஒப்புக்குச் சொல்லிவைத்தேன். "அப்புறம்?" என்றார். நண்பர்களே, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டேன்! அடுத்த முறை நான் திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தார். என் வாயிலோ பஞ்சு. இரண்டு மணி நேரம் பேசக் கூடாது. அவருக்குப் பொறுமை இல்லை. வெட்டும் மேசையில் விரித்திருந்த துணியில், அளவு போடும் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினேன். அந்தத் துணி பிறகு காற்சட்டையாகி, 'சமையல்காரன் மேல்தான் சந்தேகம்' என்ற எழுத்தோடு ஒரு வங்கிக் காசாளருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, அன்றைக்குச் சொல்லாத மன்னிப்பை இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி எங்கள் உயிர் ஊசலாடும் இடத்துக்கு வருகிறேன். மூன்று பாகங்கள் கொண்ட சரித்திர நாவல், 'மணிமுடிக்கு ஒரு மாற்று'. முதல் அத்தியாயத்தில் தலைதெறிக்கப் புறப்பட்ட குதிரை முதல் பாகம் முடியும்வரை எங்கும் போய்ச் சேரவில்லை. இளவரசியின் கண்ணை மட்டும் வருணிக்க எட்டுப் பக்கம். இடக்கண்ணுக்கு நான்கு, வலக்கண்ணுக்கும் நான்கு! என் முன்பல் ஒன்று முழுக்க முழுக்க அந்தக் கண்களுக்கே போயிற்று. முன்பு கடித்தே அறுத்த நூலை அறுக்க இப்போது எனக்குக் கத்தரி தேவைப்படுகிறது. ஆனால் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கம் இருக்கிறதே! வீரன் வேடத்தில் அரசி. அவள் வாள்முனையில் முகமூடி மனிதன். ஒரு கை நீள்கிறது. முகமூடி நழுவுகிறது. "நீயா?" என்கிறாள் அரசி. இரண்டாம் பாகம் முற்றும்!

யார் அவன்? அவளுடைய தம்பி என்கிறேன் நான். தளபதி என்கிறார் என் துணைவியார். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் போர் நடக்கிறது. காலையில் தம்பி, மாலையில் தளபதி. இந்த நேரத்தில்தானா டாக்டர் ஓய்வு பெறுவது? நாளைக் காலை அலமாரியோடு மகள் வீட்டுக்குக் குடிபோகிறாராம். இன்னும் இருபத்துமூன்று பற்கள் என் கைவசம் இருக்கின்றன. பிடுங்கத்தான் ஆள் இல்லை!

ஆகவே, தலைவர் அவர்களே, இந்த அவையின் சார்பில் கேட்கிறேன். ஆறு ஆண்டுகள் உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன். ஒரு பக்கத்தைக் கிழித்தேனா? ஒரு மூலையை மடித்தேனா? ஒரு வரியை அடிக்கோடிட்டேனா? புத்தகத்தை வைத்துவிட்டுப் பல்லைத்தானே கொடுத்துவிட்டுப் போனேன்! படிக்கத் துடிப்பவனுக்கும் படிக்க வேண்டிய பக்கத்துக்கும் நடுவில் ஒரு பூட்டு எதற்கு? கதையைக் கேட்டால்தான் பேசுவேன் என்று ஒருத்தி வாசலில் நிற்கும்போது ஒரு சட்டம் எதற்கு? உடையட்டும் அந்தச் சட்டம்! திறக்கட்டும் அந்தக் கண்ணாடிக் கதவு! வரட்டும் அந்த மூன்றாம் பாகம்!

இருங்கள், இருங்கள். தலைவர் ஏன் என்னைப் பார்க்காமல் தாய்மார்கள் பக்கம் பார்க்கிறார்? டோக்கன் அம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்? என் துணைவியார் எழுந்து நிற்கிறார். அந்த மைக்கைக் கொஞ்சம் அவரிடம் கொடுங்கள்.

"நான் படிச்சிட்டேங்க."

என்ன சொல்கிறாய்? எப்போது?

"போன வியாழக்கெழம. டோக்கன் வாங்கிட்டு மூணாம் பாகத்த எடுத்தேன். என் நம்பரக் கூப்பிட்டப்ப, எனக்கு அவசரம் இல்ல, இவங்கள மொதல்ல பாருங்கன்னு பக்கத்துல இருந்தவங்கள அனுப்பிட்டேன். அடுத்த தடவ கூப்பிட்டப்பவும் அப்படியே. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதை முடிஞ்சுது. அப்புறந்தான் உள்ள போனேன்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பக்கத்தில் இருப்பவரை முன்னால் போகச் சொல்லலாம் என்று ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. எட்டு நல்ல பற்கள் போனது போனதுதான். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நீ எந்தப் பல்லை ஆட்டினாய்?

"நான் எதையும் ஆட்டல. எனக்கு நெசமாவே வலி. ரெண்டு வருஷமா இருந்துச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நீங்க வந்ததும் கத சொல்ல ஆரம்பிச்சிருவீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, கேட்டுக்கிட்டிருந்தேன். நடுவுல இத எங்க சொல்றது? வியாழக்கெழமையிலேருந்து கன்னம் வீங்கியிருக்கு. அதையும் நீங்க கேக்கல."

பெருமக்களே, ஓர் ஆள் கடைப்படி ஏறும்போதே தோளின் அளவு சொல்லிவிடுவேன். வலத்தோள் அரை விரற்கடை இறங்கியிருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. நான்கு நாளாக வீட்டில் எல்லாம் குழைய வெந்தே வந்தது. என் வாய்க்காகத்தான் இப்படிச் சமைக்கிறாள் என்று பெருமையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு பக்கமாக மென்றதை நான் பார்க்கவில்லை. துப்பறிபவர் தேநீர் குடித்தார் என்று இதே மேடையில் கேலி பேசியவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, அந்த முகமூடி யார் என்றாவது சொல்.

"அதெல்லாம் இங்க சொல்ல மாட்டேன். படிக்காதவங்க எத்தன பேரு உக்காந்திருக்காங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

போய்க்கொண்டே இருக்கிறாள், பாருங்கள்! இதோ, தலைவர் தம் பையைத் திறக்கிறார். பயணத்தில் மறுபடி படிக்க வைத்திருந்தாராம். மூன்றாம் பாகத்தை என்னிடம் நீட்டுகிறார். ஐயா, முப்பத்தோராண்டுச் சட்டத்தை எனக்காக உடைக்கிறீர்கள், உங்கள் கைகளை என் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஆனால் புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். அவள் சொல்லி நான் கேட்கிறேன். என் பேச்சில் இன்னும் இரண்டு பக்கம் மீதி இருக்கிறது. அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், மைக் அமைத்தவருக்கும் என் நன்றி. அவள் வாசற்படி இறங்கிவிட்டாள், நான் ஓட வேண்டும். முதலில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். முகமூடி யாராக இருந்தால் என்ன, அதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். வருகிறேன், வணக்கம்.