மூடி கழற்றாமல் எடுத்த படம்

விளக்கு எரியட்டும், அணைக்காதீர்கள்... இது நம் கிஷோரின் அக்கா ஜெனிதாவுக்கு நடந்தது. அதற்கப்புறம் அவள் கேமராவையே தொட்டதில்லை.

மத்தியானம் மூன்று மணி. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய தெரு... அந்த வெயிலில் ஒரு ஆட்டோகூட வராது. மாடி வீட்டில் ஜெனிதாவும் புருஷன் ராபர்ட்டும் மட்டும். மறுநாள் அடையாறில் ஒரு கல்யாணம். முதல்முறையாக அவள் தனியாகப் படமெடுக்கப் போகிறாள். கடையில் வாங்கியதாகச் சொல்லி ராபர்ட் ஒரு பழைய கேமராவைக் கொடுத்தான். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கேயே அவளுக்கு உறுத்தியது.

சோதித்தாள். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு படம்... க்ளிக். முழு இருட்டு. கம்ப்யூட்டரில் ஏற்றி வெளிச்சத்தைக் கூட்டினாள். எந்தக் கேமராவானாலும் அப்போது தூள் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும்; படம் முழுக்க ஒரே சீராக. படத்தைப் பதிவுசெய்கிற சென்சார் எங்கே சூடாகிறதோ, அங்கே மட்டும் கூடும்.

இதில் புள்ளிகள் கூடியிருந்த இடம்... ஐந்து விரல். நடுவே உள்ளங்கை. உள்ளேயிருந்து யாரோ கை வைத்து அழுத்தினாற்போல்.

“இன்னா ராபர்ட், வெளாடுறியா?”

“நா இன்னா பண்ணேன்? மூடியக்கூடத் தொடல.”

அடுத்து வெள்ளைச் சுவர். வேண்டுமென்றே வெளிச்சத்தை அள்ளி விட்டு எடுத்தாள். வெளுத்ததை ஓரளவுக்கு மீட்கலாம். எல்லை தாண்டினால் வெறும் வெள்ளைதான். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தாள். சுவர் மீளவில்லை. கை மட்டும் மீண்டது... ரேகையோடு.

“உண்மைய சொல்லு. கடைலதான வாங்கின?”

ராபர்ட் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினான்.

“ஆத்துல கெடந்துச்சி, ஜெனி. தூக்குனா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தொட்டா... சூடா கீது.”

அவள் லென்ஸைக் கழற்றினாள். குப்பென்று சேற்று நாற்றம். சென்சார் மேலிருந்த கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஊதினாள். போகவில்லை... ஆவி உள்பக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது. மங்கியது. தெளிந்தது. மங்கியது.

பயத்தில் ஜெனிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவியும் அப்படியே நின்றது.

ராபர்ட் கேமராவைப் பிடுங்க வந்தான். கையால் தடுத்தாள். மார்பு வலித்தது, காது அடைத்தது... கடைசியில் தாங்காமல் மூச்சை விட்டவள் அவள்தான்.

உள்ளே இருந்தது, இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.